பிளக் குழியில் தேங்கிய எண்ணெய்: மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் பணிமனைக்கு வந்த ஒரு பெட்ரோல் காரின் மிஸ்ஃபயர் (சிலிண்டருக்குள் கலவை எரியாமல் தவறுவது) கோளாறைப் பற்றிய பதிவு இது. முதல் முறை அதைச் சரிசெய்துவிட்டதாக நம்பி வண்டியை அனுப்பினோம். ஐந்தே வாரங்களில் அது திரும்பி வந்தது. எனவே இதில் வண்டியின் கோளாறோடு எங்கள் தவறும் சேர்ந்தே பதிவாகிறது.

வண்டி ஒன்பது ஆண்டுகள் ஓடிய செடான். 92,000 கிலோமீட்டர் கடந்திருந்தது. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு, இரட்டை கேம்ஷாஃப்ட் கொண்ட இன்ஜின். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயில் தனித்தனியாக அமர்ந்திருக்கும் அமைப்பு. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அன்றாடம் கடைத்தெருவுக்கும் கோவிலுக்குமாக மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடுவதில்லை. மாதம் ஒருமுறை மட்டும் குன்னூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் வருவார்.

அவர் சொன்ன குறை தெளிவாக இருந்தது. மேட்டுப்பாளையம் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. சமதளத்துக்கு வந்ததும் வெட்டு நின்றுவிடுகிறது, விளக்கு மட்டும் நிலையாக எரிகிறது. இதே குறைக்காக நான்கு மாதங்களுக்கு முன் வேறொரு பணிமனையில் மூன்றாம் சிலிண்டரின் காயிலை மாற்றியிருந்தார்கள். ஆறு வாரம் நன்றாக ஓடிப் பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடுத்ததாக இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கடைசியில், பிளக்கில் எண்ணெய் இருக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக் கணக்கைக் கேட்ட பிறகே அவர் எங்களிடம் வந்தார்.

முதல் ஆய்வு

ஸ்கேனரில் பி0303 பதிவாகியிருந்தது. அதாவது மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு இதைக் கண்டுகொள்வது கிராங்க்ஷாஃப்ட்டின் வேகத்திலிருந்து. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு சிறு உந்தலைப் பெறுகிறது; எந்தச் சிலிண்டரின் முறையில் அந்த உந்தல் வரவில்லையோ, அதன் கணக்கில் ஒரு மிஸ்ஃபயர் எழுதப்படுகிறது. எனவே இந்தக் குறியீடு எரிப்பு நடக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. குற்றவாளி காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்பதைச் சொல்வதில்லை. கோளாறு நேர்ந்த கணத்தில் பதிவான விவரங்கள்தான் அதிகம் உதவின: இன்ஜின் வேகம் 2,100 சுற்று, சுமை 78 விழுக்காடு, குளிர்நீர் வெப்பம் 91 டிகிரி. குறைந்த சுற்றில், அதிகச் சுமையில், நன்றாகச் சூடேறிய இன்ஜினில்தான் பொறி தவறுகிறது என்பது இதிலிருந்தே புலப்பட்டது.

நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது இசியு பெட்ரோலின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் விகிதம், 11 விழுக்காடு கூடுதலாக இருந்தது. முந்தைய பணிமனை இன்ஜெக்டரைச் சந்தேகித்ததற்கு இந்த எண்தான் காரணமாக இருந்திருக்கும். ஆனால் எரியாமல் வெளியேறும் கலவையில் பெட்ரோலோடு ஆக்சிஜனும் அப்படியே போகிறது. ஆக்சிஜன் சென்சாருக்கு அந்த ஆக்சிஜன் மட்டுமே தெரிவதால், பெட்ரோல் போதவில்லை என்று அது அறிவிக்கிறது. இசியு மேலும் பெட்ரோலைக் கூட்டுகிறது. மிஸ்ஃபயர் இருக்கும் வண்டியில் இந்தத் திருத்த எண்ணை நம்பி எரிபொருள் பக்கம் போவது, விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வதாகும். விளக்கு மின்னும்போது வண்டியைத் தொடர்ந்து மிதித்து ஓட்டக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டு உட்பகுதியையே உருக்கிவிடக்கூடும்.

காயில்களைக் கழற்றியபோது காரணத்தின் ஒரு பகுதி கண்ணுக்கே தெரிந்தது. பிளக்குகள் அமர்ந்திருக்கும் குழிகளில், மூன்றாவதில் பிளக்கின் ஆறுமுகத் தலை மூழ்கும் அளவுக்கு எண்ணெய். நான்காம் குழியில் அடியில் சிறிதளவு. முதல் இரண்டும் உலர்ந்திருந்தன. எண்ணெயைப் பார்த்தவுடனே முடிவுக்கு வந்துவிடாமல், மூன்றாம் சிலிண்டரின் காயிலை, பிளக்கின் மேல் கவிந்திருக்கும் அதன் ரப்பர் உறையோடு முதல் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தோம். குறியீடு பி0301 ஆக மாறியது. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை இத்தோடு முடிந்துவிடும், புதிய காயில் வாங்கச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அடுத்ததாக ரப்பர் உறையை மட்டும் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கோடு உருவி, வேறொரு நல்ல காயிலில் மாட்டி ஓட்டினோம். மிஸ்ஃபயர் உறையின் பின்னாலேயே போனது. நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய காயிலில் ஒரு குறையும் இல்லை.

எண்ணெய் உண்மையில் செய்வது என்ன

பணிமனைகளில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், குழியில் எண்ணெய் நின்றால் கரண்ட் எண்ணெய் வழியாகக் கசிந்துவிடுகிறது என்பது. இது சரியல்ல. சுத்தமான எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. மின்மாற்றிகளுக்குள் காப்புக்காக ஊற்றுவதும் எண்ணெயைத்தான். பிளக் குழியில் எண்ணெய் நின்றும் மாதக்கணக்கில் ஒரு வெட்டும் இல்லாமல் ஓடிய வண்டிகளை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். அப்படியானால் கேடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டியதில்லை என்பது தெரியும்.

காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. 10 கிலோவோல்ட் அளவிலேயே பொறி பாய்ந்துவிடும். ஏற்றத்தில் த்ராட்டிலை விரியத் திறந்தால் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து இறுகுகிறது. அந்த அடர்ந்த கலவையைத் துளைத்துப் பொறி பாய 20 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் தேவைப்படலாம். மின்சாரம் தடை குறைந்த வழியைத்தான் தேடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட, வெளிப்புறம் பீங்கானின் மேற்பரப்பில் ஊர்ந்து உலோக உடலுக்கு இறங்குவது எளிதாக இருந்தால் அது அந்த வழியாகவே இறங்கிவிடும். அந்தக் குறுக்கு வழியை அடைத்துக்கொண்டிருப்பது பீங்கானை இறுகப் பிடித்திருக்கும் ரப்பர் உறை. சூடான எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறும் உறை உப்பி, மென்மையாகி, பிடிப்பை இழக்கிறது. பீங்கானுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அதில் கரியும் உலோகத் துகளும் கலந்த பழைய எண்ணெயும் தூசியும் போய்ச் சேர்கின்றன. சுமையின்போது ஒருமுறை அந்த வழியாகப் பொறி தாவினால் போதும், அங்கே எண்ணெயும் ரப்பரும் கருகி முடி அளவுக்கு ஒரு கார்பன் கோடு உருவாகிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த பொறிக்கு அந்தக் கோடே பாதையாகிவிடுகிறது.

எங்கள் மூன்றாம் பிளக்கின் வெண்பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்பு நூல் போன்ற கோடு ஒன்று ஓடியது. உறையைப் பிளந்து பார்த்தபோது அதன் உட்சுவரிலும் அதே இடத்தில் அதற்கு இணையான கோடு இருந்தது. முந்தைய பணிமனை காயிலை உறையோடு மாற்றியபோது, இந்தக் கோடு விழுந்த பழைய பிளக்கையே விட்டுவைத்திருக்கிறது, எண்ணெயையும் எடுக்கவில்லை. புதிய உறை நன்றாக இறுகி இருந்ததால் ஆறு வாரம் தாங்கியது, பிறகு அதுவும் ஊறியது, பிளக்கின் கோடு அதன் மேலும் படிந்தது. உறையையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுத்துவிடும்.

ரிங் தேய்ந்துவிட்டது என்ற தீர்ப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிளக்கின் வெளிப்புறத்தில் எண்ணெய் இருப்பதும், எரியும் முனையில் எண்ணெய் இருப்பதும் வேறு வேறு நோய்கள். ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்தால் எண்ணெய் எரியறைக்குள் வரும், முனை ஈரமாகக் கறுத்திருக்கும், சைலன்ஸரில் நீலப் புகை வரும். குழியில் நிற்கும் எண்ணெயோ பிளக்கின் வாஷருக்கு மேலேயே நின்றுவிடும். இந்த வண்டியில் நான்கு முனைகளும் உலர்ந்து, வெளிர் பழுப்பாக இருந்தன. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் இறுக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், 12.4, 12.2, 12.3, 12.1 பார்; நான்கும் சமமாக, நல்ல நிலையில். இந்த எண்களை வைத்துக்கொண்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதல் பழுதுநீக்கம்

இத்தகைய இன்ஜின்களில் பிளக் எரியறையின் நடு உச்சியில் இருக்கிறது. அதை அடைய, எண்ணெய் தெறித்துக்கொண்டிருக்கும் கேம்ஷாஃப்ட் அறையின் நடுவே ஒரு குழாய் இறங்குகிறது. குழாயின் அடி சிலிண்டர் ஹெட்டில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். மேல்முனையை, இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரில் பதிந்த வட்டமான ரப்பர் சீல் சுற்றிப் பிடித்திருக்கும். கசிவு மேலிருந்தா, அடியிலிருந்தா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அடியில் கசிந்தால் குழாயையே உருவ வேண்டியிருக்கும். குழிகளைத் துடைத்து உலர்த்தி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு விளக்கடித்துப் பார்த்தோம். அடி உலர்ந்திருந்தது, மேல் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய ஈரக்கோடு சுவரில் இறங்கியிருந்தது. சீல்தான். எண்ணெய்க்குப் பதிலாகத் துருவும் வெண்மையான படிவும் இருந்திருந்தால், இன்ஜின் வாஷில் பீய்ச்சிய தண்ணீர் என்று கொண்டிருப்போம். அதுவும் நம் ஊரில் அடிக்கடி நடப்பதே.

குழியில் எண்ணெய் நிற்கும்போது பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எனவே பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி எண்ணெயை உறிஞ்சி, மிச்சத்தை ஸ்க்ரூ டிரைவரில் சுற்றிய துணியால் ஒற்றி எடுத்தோம். அதன் பிறகே சிறிதளவு பிரேக் கிளீனர் தெளித்து, கண்ணாடி அணிந்துகொண்டு கம்ப்ரஸர் காற்றால் ஊதினோம். எடுத்த எடுப்பில் காற்றடிப்பவர்கள் எண்ணெயைத் தங்கள் முகத்திலும், மணலைப் பிளக் மரையிலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

டேப்பட் கவரைத் திறந்தபோது சீல்கள் நான்கும் ரப்பராகவே இல்லை. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல ஒலித்தன, மூன்றாவது வாய்ப்பகுதியில் வெடித்திருந்தது. பழைய சீலின் வாய் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே அவற்றைத் தட்டி எடுத்தோம். புதிய சீல்களைப் பொருத்தமான அளவுள்ள சாக்கெட்டால் நேராக அழுத்தி இறக்கி, வாயில் ஒரு சொட்டுப் புதிய எண்ணெய் தடவினோம். ஓரப் பேக்கிங்கும் புதிது. சிலிக்கான் பேஸ்ட்டை, டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் பட்டாணி அளவு வைத்தோம். பிளக் சீலைச் சுற்றியும் பேஸ்ட்டை அப்பும் வழக்கம் ஒன்று உண்டு. அது சீலின் வாயைக் குழாயோடு படிய விடாமல் கெடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு சுற்றாக, 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். அது மணிக்கட்டின் பலத்துக்கே போதுமான இறுக்கம். தோள் பலத்தைக் காட்டினால் பேக்கிங் பிதுங்கும், கவர் வளையும்.

நான்கு பிளக்குகளையும் மாற்றினோம். இவை 12 மில்லிமீட்டர் மரை கொண்டவை. அலுமினிய ஹெட்டில் 18 நியூட்டன் மீட்டர் போதும். மூன்றாம், நான்காம் காயில்களுக்கு ரப்பர் உறை தனியாகக் கிடைத்தது. உறையின் வாயில் மெல்லிய படலமாக, மின்சாரத்தைக் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினோம். குறியீட்டை அழித்துவிட்டு, மருதமலை அடிவாரம் வரை போய், உயர் கியரில் வேண்டுமென்றே சுமை ஏற்றிப் பார்த்தோம். ஒரு வெட்டும் இல்லை. மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியம். வண்டியை ஒப்படைத்தோம்.

திரும்பி வந்தது

ஐந்து வாரம் கழித்து அவர் வந்தபோது வண்டி வெட்டவில்லை. குன்னூர் போய் வந்ததும் கருகிய எண்ணெய் வாடை வருகிறது என்று மட்டுமே சொன்னார். காயில்களைக் கழற்றினோம். மூன்றாம் குழி உலர்ந்திருந்தது. நான்காம் குழியில், அடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு எண்ணெய். டேப்பட் கவரின் பின் ஓரத்திலும் புதிய ஈரம்.

சீலைத் தவறாகப் பொருத்திவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தோம். கவரைத் திறந்து பார்த்ததில் சீலின் வாய் மடங்கவில்லை. நான்காம் குழாயின் மேல் விளிம்பில், நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு கீறல் இருந்தது. எப்போதோ யாரோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்க வேண்டும். எண்ணெய் புகுந்த வழி அதுதான். ஆனால் அந்தக் கீறல் நேற்று விழுந்ததல்ல. பழைய சீல் கெட்டியாகும் வரை அதே கீறலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கிறது. புதிய, மென்மையான சீல் ஐந்து வாரத்தில் தோற்க வேண்டுமானால், எண்ணெயை உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது என்று பொருள்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு எரிந்த வாயு கிராங்க் அறைக்குள் கசிவது எந்த இன்ஜினிலும் இயல்பு. அதை உறிஞ்சி இன்டேக்குக்கே திருப்பி அனுப்புவதற்குத்தான் பிசிவி வால்வு இருக்கிறது. அது சரியாக வேலை செய்தால் ஐட்லிங்கில் கிராங்க் அறை லேசான உறிஞ்சலில் இருக்கும். முதல் முறையே வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்திருந்தோம். உள்ளே கலகலவென்று ஒலித்தது, நல்ல வால்வு என்று திருப்பி மாட்டிவிட்டோம். வால்வு நல்லதுதான். அதற்கு வாயு வந்து சேர்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை.

இந்த முறை கவரை மூடிவிட்டு, பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டுக் குழாய் செருகி, நிறமிட்ட தண்ணீர் ஊற்றிய வளைகுழாயோடு இணைத்தோம். ஐட்லிங்கிலேயே தண்ணீர் வெளிப்புறமாக நகர்ந்தது. 2,500 சுற்றில் இரு மட்டங்களுக்கும் இடையே 60 மில்லிமீட்டர் வேறுபாடு. மலையேறும் சுமையில் இது மேலும் உயர்ந்திருக்கும். கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக, நல்ல நிலையில் இருந்ததால், வாயு அதிகமாக வரவில்லை, வந்த வாயு வெளியேற வழியில்லை என்று முடிவு செய்தோம்.

டேப்பட் கவரின் உட்புறத்தில், எண்ணெய்த் துளிகளைப் பிரித்தெடுக்கும் தகடு ஒன்று திருகப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றியபோது, பின்னால் இருந்த அறை கறுப்பு வெண்ணெய் போன்ற கசடால் நிரம்பியிருந்தது. பிசிவி வால்வுக்குப் போகும் துளை இருந்த இடமே தெரியவில்லை. அந்த வழி அடைபட்டாலும், கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும் மூச்சுக் குழாய் வழியாக வாயு வெளியேறியிருக்க வேண்டும். அந்தக் குழாயோ எண்ணெயில் ஊறி மென்மையாகி, வளையும் இடத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது முழுதாக அடைபடும் முன் வெளியேறிய எண்ணெய்ப் படலம் இன்டேக் குழாயின் உட்சுவரில் பளபளத்தது. முதல் வருகையிலேயே ஏர் ஃபில்டரைக் கழற்றியவர் அதைப் பார்த்திருக்கிறார், துடைத்தும் இருக்கிறார். வேலைத்தாளில் எழுதவில்லை. பழுதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே தடயத்தை எங்கள் கையாலேயே அழித்திருக்கிறோம்.

கசடுக்குக் காரணம் வண்டியின் அன்றாட வாழ்க்கை. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் எண்ணெய் முழுதாகச் சூடேறுவதே இல்லை. எரிப்பில் உண்டாகும் நீராவியும் பெட்ரோல் ஆவியும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. கிலோமீட்டர் ஏறவில்லையே என்று அவர் பதினெட்டு மாதங்களுக்கு ஒருமுறைதான் எண்ணெய் மாற்றியிருக்கிறார். அது சிக்கனம் என்று அவர் நினைத்ததில் தவறு காண முடியாது. இப்படி ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரைவிட மாதக் கணக்குதான் முக்கியம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

கவரை ஓர் இரவு முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கசடை அகற்றினோம். புதிய பிசிவி வால்வும் புதிய மூச்சுக் குழாயும் போட்டோம். நான்காம் குழாயின் கீறலை, சுற்றிலும் துணி அடைத்துக்கொண்டு, நுண்ணிய எமரித் தாளால் தேய்த்துச் சமப்படுத்தினோம். நான்காம் சீலையும் ஓரப் பேக்கிங்கையும் மீண்டும் புதிதாக மாற்றி, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினோம். வளைகுழாயை இணைத்துப் பார்த்தபோது தண்ணீர் இந்த முறை எதிர்த்திசையில், உள்நோக்கி, 20 மில்லிமீட்டர் நகர்ந்தது. இரண்டாம் முறைக்கான வேலைக்கூலியை வாங்கவில்லை. பிசிவி வால்வுக்கும் மூச்சுக் குழாய்க்கும் எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் மட்டும் பணம் வாங்கினோம்.

ஆறு மாதம் கழித்து, இடையில் ஆறு முறை குன்னூர் போய் வந்த பிறகு, எண்ணெய் மாற்ற வந்தார். அவர் முன்னிலையிலேயே நான்கு காயில்களையும் கழற்றிக் காட்டினோம். குழிகள் உலர்ந்திருந்தன, மிஸ்ஃபயர் எண்ணிக்கை நான்கிலும் சுழியம். நான்காம் பிளக்கை எடுத்துக் கையில் கொடுத்தபோது, உலோக உடலுக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றியிருந்த மங்கிய பழுப்பு வளையத்தைக் காட்டி, “இதுவும் எண்ணெய்தானே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, பல மெக்கானிக்குகளே அதைப் பார்த்துப் பிளக்கில் வாயு கசிகிறது என்று சொல்லிவிடுவார்கள். உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் பீங்கானில் ஈர்க்கப்பட்டு ஒட்டுவதால் விழும் கறை அது, பொறியைப் பாதிக்காது. அவர் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அந்த வளையத்தை இரண்டு முறை அழுத்தித் துடைத்தார், கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார், பிளக்கைத் திருப்பிக் கொடுத்தார்.